துபாய்க்கு ஒன்பதரை, திரும்ப எட்டேமுக்கால்

பிலிப்பைன்ஸின் லிபா நகரில் கிரிசாந்தோவின் வேனைத் தெரியாதவர் என்றால், வெளிநாட்டில் ஒருவர்கூட இல்லாத குடும்பத்துக்காரராகத்தான் இருக்கவேண்டும். அப்படி ஒரு குடும்பத்தை அந்த ஊரில் தேடித்தான் பிடிக்கவேண்டும். பதினைந்து பேர் உட்காரக்கூடிய வெள்ளை வேன். இருபது பேர் ஏறுவார்கள். ஒருவர் ரியாத்துக்குப் புறப்பட்டால் அவரை வழியனுப்ப அம்மா, அப்பா, மாமனார், மாமியார், பிள்ளைகள், பிள்ளைகளின் ஞானத்தாய் எல்லோரும் மணிலா விமான நிலையம்வரை போவார்கள். இரண்டு வருடம் கழித்து அவர் திரும்பும்போது அதே கூட்டம் இன்னும் இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு எதிர்கொள்ளப் போகும். போகும்போது அழுகை, வரும்போது கோழி வறுவல். இரண்டுக்கும் நடுவில் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு சாந்தோ. ஊர் அவனை அப்படித்தான் சுருக்கிக் கூப்பிட்டது.

ஐம்பத்துமூன்று வயதுவரை அவன் ஒருமுறைகூட விமானம் ஏறியதில்லை. ஆனால் எந்த ஊருக்கு எத்தனை மணி நேரம் என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வான். ஹாங்காங் இரண்டேகால். சிங்கப்பூர் மூன்றேமுக்கால். ரியாத் பத்துக்குக் கொஞ்சம் குறைய. துபாய் ஆறாயிரத்துத் தொள்ளாயிரம் கிலோமீட்டர். போக ஒன்பதரை, திரும்ப எட்டேமுக்கால். ஒரே வானம், ஒரே தூரம், அதில் முக்கால் மணி எப்படிக் குறையும் என்று யாராவது கேட்டால், "காத்து வீட்டுப் பக்கம் தள்ளும்ப்பா" என்பான். மேலே காற்று மேற்கிலிருந்து கிழக்கே அடிக்கிறது என்று விமானப் பொறியாளர் ஒருவர் வேனில் வந்தபோது சொல்லியிருந்தார். அது அவனுக்கு நியாயமாகவும் பட்டது.

மற்ற ஊர்க் கணக்கெல்லாம் தொழிலுக்கு. துபாய் மட்டும் சொந்தக் கணக்கு. அவன் மனைவி லிகாயா பதினொரு வருடமாக அங்கே ஒரு ஹோட்டலின் சலவைக்கூடத்தில் இருந்தாள். வருடத்துக்கு ஒரு மாதம் விடுப்பு. மற்ற பதினொரு மாதமும் அவள் ஒரு குரல். சில நாள் கைபேசியில் ஒரு முகம். அங்கே மணி எட்டென்றால் இங்கே பன்னிரண்டு. அந்த நாலு மணி நேர இடைவெளியில்தான் அவர்களுடைய குடித்தனம் நடந்தது.

சந்தேகம் அவனுக்குப் பிறவிக் குணம் அல்ல, தொழில் கொடுத்தது. எட்டு வருடத்துக்கு முன்பு ஒரு வெள்ளிக்கிழமை, யாரையோ இறக்கிவிட்டுத் திரும்பும்போது, வருகை வாசலில் ஓர் ஆள் கைகாட்டினான். குவைத்தில் எலக்ட்ரீஷியன். லிபாவுக்குப் பக்கத்து ஊர்தான். ஆனால் போகச் சொன்னது வேறெங்கோ, கடலோரத்தில் ஒரு சின்ன வீட்டுக்கு. வாசலில் ஒருத்தி குழந்தையோடு நின்றாள். கூலிக்கு மேல் ஐந்நூறு பேசோ கொடுத்து, "அண்ணே, நீங்க என்னைப் பாக்கலை" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை அதே ஆளின் மனைவியும் மூன்று பிள்ளைகளும் சாந்தோவின் வேனில் ஏறினார்கள். பிள்ளைகள் கையில் 'அப்பா வருக' என்று வண்ணத்தில் எழுதிய அட்டை. விமான நிலைய வாசலில், அப்போதுதான் இறங்கியவன்போல் பெட்டியைத் தள்ளிக்கொண்டு, கண்ணைக் கசக்கிக்கொண்டு எலக்ட்ரீஷியன் வந்தான். "உக்காந்து உக்காந்து முதுகு போச்சு" என்று மனைவியிடம் சொன்னான். சாந்தோ கண்ணாடியில் அவனைப் பார்த்தான். அவன் லிபா வரும்வரை ஜன்னலுக்கு வெளியிலேயே பார்த்துக்கொண்டு வந்தான்.

அதற்குப் பிறகு லிகாயா வரும் ஒவ்வொரு முறையும் சாந்தோ டிக்கெட்டை முன்கூட்டியே அனுப்பச் சொன்னான். புறப்படும் நேரம், அதோடு எட்டேமுக்கால், அதோடு நாலு, வெளியே வர ஒரு மணி. கூட்டிப் பார்ப்பான். சரியாக வந்தால் நிம்மதி. அரை மணி அதிகமானால், பெட்டி எந்த பெல்ட்டில் வந்தது, ஏன் நேரமானது என்று கேட்பான்.

"மூணாவது பெல்ட், சாந்தோ. பச்சைப் பெட்டி ஒண்ணு எடுக்க ஆளில்லாம சுத்திக்கிட்டே இருந்துச்சு. அதையும் எழுதிக்கோ" என்பாள் லிகாயா.

கேலியாகத்தான் எடுத்துக்கொள்கிறாள் என்று அவன் நினைத்திருந்தான்.

இந்தத் தடவை அவள் வருவது விடுப்புக்கு அல்ல. ஒரேயடியாக. மகள் ரோவெனாவுக்கு ஏழு மாதம். "பேரப்பிள்ளை துணிய நானே துவைச்சு மடிச்சு வெக்கணும். ஊரான் போர்வைய மடிச்சது போதும்" என்று சொல்லியிருந்தாள். சாந்தோ வேனுக்குப் புது இருக்கை உறை போட்டான். ரோவெனாவின் மாமியார் வீட்டார் உட்பட பதினேழு பேர் வருவதாக இருந்தது.

டிக்கெட்தான் வரவில்லை. கேட்டதற்கு, "ஆபீஸ்ல இன்னும் குடுக்கலை" என்றாள். பிறகு ஒருநாள் அவளாகவே, "சனிக்கிழமை காலைல எட்டு மணிக்கு இங்க ஏறுறேன். ராத்திரி ஒன்பதுக்குள்ள அங்க இறங்கிருவேன். வாசலுக்கு வர பத்தாகும்னு வெச்சுக்கோ" என்றாள்.

எட்டு, எட்டேமுக்கால், நாலு. கணக்கு உதைக்கவில்லை. ஆனாலும் நெஞ்சில் நெருடியது. எப்போதும் கணக்குப் போடுகிறவன் அவன். இந்தத் தடவை அவளே போட்டுக் கொடுத்திருந்தாள்.

வெள்ளிக்கிழமை இரவு பத்து மணிக்கு அவள் கூப்பிட்டாள். துபாயில் மாலை ஆறு.

"சாப்பிட்டியா?"

"ஆச்சு. எங்க இருக்கே?"

"ரூம்ல. பெட்டி கட்டிக்கிட்டிருக்கேன்."

அவள் பின்னால் ஒலிபெருக்கியில் ஒரு பெண்குரல் ஏதோ அறிவித்தது. முதலில் அரபு, பிறகு ஆங்கிலம். மணிலா என்ற பெயர் மட்டும் தெளிவாக விழுந்தது.

"என்ன சத்தம் அது?"

"டிவி."

"உங்க ரூம்லதான் டிவி கிடையாதே. தெல்மாகிட்ட குடு, பேசறேன்."

தெல்மா அவளோடு அறையில் இருந்தவள். பதினொரு வருடமும் மேல் கட்டில் தெல்மாவுக்கு, கீழ்க் கட்டில் லிகாயாவுக்கு. கைபேசிப் படத்தில் சாந்தோவைப் பார்த்தால், "வந்துட்டார்யா மணிக்கூண்டு" என்று மேலிருந்து தலையை நீட்டிச் சிரிப்பாள்.

"தெல்மா தூங்குறா" என்றாள் லிகாயா.

மாலை ஆறு மணிக்கு யார் தூங்குவார்கள்? அவன் அதைக் கேட்பதற்குள் ஓர் ஆண்குரல் மிக அருகில் கேட்டது. "அக்கா, பேப்பரெல்லாம் என்கிட்ட இருக்கு. வரிசை நகருது, வாங்க."

"அப்புறம் பேசறேன் சாந்தோ" என்று வைத்துவிட்டாள்.

துபாயிலிருந்து மாலை ஏழேகாலுக்கு ஒரு விமானம் உண்டு என்பது அவனுக்குத் தெரியும். அது மணிலாவில் காலை எட்டுக்கு இறங்கும். ஒன்பதுக்கு வெளியே வந்துவிடலாம். அவள் சொன்னதோ இரவு பத்து. நடுவில் பதின்மூன்று மணி நேரம். கடலோரத்துச் சின்ன வீடும் வாசலில் நின்ற பெண்ணும் அவன் கண்முன் வந்தார்கள். இந்தத் தடவை அந்த வாசலில் நின்றது ஓர் ஆண்.

விடிவதற்குள் வேனை எடுத்தான். மகளிடம், "அவசரச் சவாரி. நாலு மணிக்கு வந்துருவேன், எல்லாரும் தயாரா இருங்க" என்றான். சந்தைமுனைக் கடையில் கறுப்புக் காப்பி குடிக்க நின்றபோது இன்னொரு வேன்காரன் மாண்டோய் பிடித்துக்கொண்டான்.

"இன்னைக்கு ராத்திரிதானே மகாராணி வர்றாங்க? இப்பவே கெளம்பிட்டே? பதினெட்டு மணி நேரம் முன்னாடி போனாத்தான் முத ஆளா நிக்கலாமோ?"

"சவாரிடா."

"சவாரிக்கு வாசனைத் தண்ணி போட்டுக்கிட்டுப் போற ஒரே டிரைவர் நீதான்."

சாந்தோ காப்பியைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பினான்.

எதிர்கொள்ள வருகிறவர்கள் நிற்கும் கூடத்தில் தூணுக்குத் தூண் ஆங்கில எழுத்துகள் தொங்கும். பயணியின் குடும்பப் பெயர் எந்த எழுத்தில் தொடங்குகிறதோ அதன் கீழே உறவினர் நிற்கவேண்டும். சாந்தோவின் குடும்பப் பெயர் டிமாயுகா. இருபத்தைந்து வருடத்தில் எத்தனையோ குடும்பங்களை அவரவர் எழுத்துக்குக் கீழே கொண்டுபோய் நிறுத்தியவன், அன்று தன்னுடைய எழுத்தை விட்டு, யாருமே நிற்காத கடைசித் தூணுக்குப் போய் மறைந்து நின்றான்.

ஒன்பதேகாலுக்கு லிகாயா வெளியே வந்தாள்.

ஒவ்வொரு முறையும் புது மேல்சட்டையும் உதட்டுச் சாயமுமாக வருகிறவள் அன்று கறுப்பு உடுத்தியிருந்தாள். முகம் கழுவாததுபோல் இருந்தது. கூட ஒரு முப்பத்தைந்து வயது ஆள், அவளுடைய பெட்டியையும் சேர்த்துத் தள்ளிக்கொண்டு வந்தான். கூடத்தின் நடுவில் அந்த ஆள் நின்றுவிட்டான். தோள் குலுங்கியது. லிகாயா கைக்குட்டையை எடுத்து, ஒரு குழந்தைக்குத் துடைப்பதுபோல் அவன் முகத்தைத் துடைத்தாள். பிறகு டி எழுத்துப் பக்கம் ஒரு பார்வைகூடப் பார்க்காமல் டாக்சி வரிசைக்கு நடந்தாள்.

சாந்தோ வேனுக்கு ஓடினான்.

டாக்சி நகரத்துக்குள் போகவில்லை. விமான நிலையத்தின் மதிலைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போய், சரக்குக் கிடங்கின் வாசலில் நின்றது. அந்த வாசல் அவனுக்குத் தெரியும். நான்கு குடும்பங்களை அங்கே கூட்டிவந்திருக்கிறான். அங்கே வருகிறவர்கள் அட்டை பிடிப்பதில்லை. பெட்டி அங்கேயும் வரும். ஆள் அதற்குள் இருப்பார்.

யாரோ செத்திருக்கிறார்கள். இறங்கிப் போய் அவளைக் கேட்டிருக்கலாம். அவன் போகவில்லை. ஒருதடவை கிளம்பிய சந்தேகம் சாவைக் கண்டாலும் ஒதுங்கி நிற்பதில்லை. செத்தது அந்த ஆளின் மனைவியோ? மனைவியை இழந்தவனுக்கு ஆறுதல் சொல்ல, இத்தனை பேர் இருக்க, இவள்தான் கிடைத்தாளா? எதிர்ப்பக்கத்து லாரிகளுக்கு நடுவில் வேனை நிறுத்திக்கொண்டு இரண்டரை மணி நேரம் அவர்களைப் பார்த்தபடி இருந்தான். லிகாயா ஒருமுறை அந்த ஆளுக்குத் தண்ணீர் வாங்கிக் கொடுத்தாள். அவன் குடித்த பாட்டிலில் அவளும் குடித்தாள். அதையும் சாந்தோ குறித்துக்கொண்டான்.

கடைசியில் ஒரு கறுப்பு வண்டி வெளியே வந்தது. இருவரும் அதன் முன்பக்கம் ஏறிக்கொண்டார்கள். சாந்தோ பின்தொடர்ந்தான். தெற்கே போகும் அதிவேகச் சாலை, லிபாவுக்குப் போகும் அதே சாலை. ஒரு கட்டத்தில், வண்டி நம் வீட்டுக்கேதான் போகிறதோ என்றுகூடப் பயந்தான். ஆனால் அது நடுவில் இறங்கி சான் பாப்லோ பக்கம் திரும்பியது. தென்னைகளுக்கு நடுவில் ஒரு சந்து. கித்தான் பந்தல். சீட்டாடிக்கொண்டிருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். ஒரு வயதான அம்மா பந்தலுக்கு வெளியே ஓடிவந்து வண்டியின் கண்ணாடியில் இரண்டு கையையும் வைத்தாள்.

சாந்தோ சந்துமுனையில் வேனை நிறுத்திவிட்டு, கூட்டம் உள்ளே போய் அமர்ந்தபிறகு பந்தலின் ஓரத்துக்கு வந்தான். பூவேலை செய்த விளக்குகளுக்கு நடுவில் பெட்டியை வைத்திருந்தார்கள். அதன் மேல் சட்டமிட்ட படம்.

தெல்மா. மேல் கட்டிலிலிருந்து தலையை நீட்டுவாளே, அதே சிரிப்பு.

தூங்குறா, என்று லிகாயா சொன்னது அவனுக்கு அப்போது கேட்டது.

பெட்டியின் அருகில் நின்ற லிகாயா, மேலே விரித்திருந்த வெள்ளைத் துணியின் மடிப்புகளை உள்ளங்கையால் நீவிக்கொண்டிருந்தாள். ஓரத்தை ஓரத்தோடு சேர்த்து, சுருக்கம் எடுத்து, மறுபடி நீவினாள். வேறு என்ன செய்வதென்று அந்தக் கைகளுக்குத் தெரியவில்லை. கூட வந்த ஆள் அந்த வயதான அம்மாவின் மடியில் முகம் புதைத்திருந்தான்.

"உக்காருங்க தம்பி" என்று ஓர் அத்தை காப்பியும் பிஸ்கட்டும் கொண்டுவந்து கொடுத்தாள். "எந்தப் பக்கத்து உறவு?"

"நான்... வேன் டிரைவர்."

"அட, கும்புடப் போன சாமி குறுக்க வந்த மாதிரி! அதோ நிக்கிறாங்களே, அந்த அம்மாவுக்குத்தான் வண்டி தேடிக்கிட்டிருக்கோம். தெல்மாவோட ஒரே ரூமாம். தூக்கத்துலயே போயிட்டாளாம் எங்க புள்ள, மூணு வாரம் ஆச்சு. தம்பிக்காரன் ருவெல் அபுதாபியில இருக்கான், அவனுக்குக் கையும் ஓடலை காலும் ஓடலை. இந்த அம்மாதான் ஆஸ்பத்திரி, தூதரகம், பேப்பர்னு எல்லாத்துக்கும் நடந்திருக்காங்க. தனியா சரக்கு மாதிரி அனுப்ப மாட்டேன், நானும் அதே ப்ளேன்ல வர்றேன்னு சொல்லி தேதிய மாத்திக்கிட்டு வந்திருக்காங்க. பிஸ்கட்டை இங்கயே தின்னுருங்க, பைல போடாதீங்க. துட்டி வீட்டுப் பண்டம் வீட்டுக்குப் போகக் கூடாது."

"எங்க போகணுமாம் அவங்களுக்கு?"

"அதுதான் கூத்து. சாயங்காலம் வழியில எங்கயாவது எறங்கி, குளிச்சு, துணி மாத்தி, எல்லாத்தையும் உதறிட்டு, ராத்திரி ஏர்போர்ட் வாசல்ல போய் நிக்கணுமாம், அப்பத்தான் வந்த மாதிரி. மக மாசமா இருக்காளாம். ஆசையா ஓடி வந்து கட்டிப்பிடிப்பாளாம். சாவுப் பெட்டிகூட வந்த ஒடம்போட புள்ளத்தாச்சிய எப்படித் தொடறதுன்னு கேக்கறாங்க. நியாயம்தானே? செத்தவங்க பின்னாலயே வந்துருவாங்க இல்ல?"

"வீட்ல சொல்லியிருக்கலாமே."

"யார்கிட்ட? புருஷன் பெரிய சந்தேகப் பிராணியாம். ப்ளேன் வர்றதுக்கு நிமிஷக் கணக்குப் பாக்கறவனாம். துட்டிப் பெட்டி வர்ற வாசல் பக்கம் சவாரி போனாலே வண்டிய ரெண்டு தடவை கழுவற ஆளாம். சொன்னா, வேற ப்ளேன்ல வான்னு குதிப்பானாம்." அத்தை பெருமூச்சு விட்டாள். "எவ்வளவு கேப்பீங்க தம்பி?"

சாந்தோ வாயில் இருந்த பிஸ்கட்டை விழுங்க முடியாமல் நின்றான். அப்போதுதான் லிகாயா திரும்பினாள்.

அவள் சத்தம் போடவில்லை. ருவெலின் தலையை ஒருமுறை தொட்டாள். பெட்டியின் மேல் கையை வைத்து ஏதோ சொன்னாள். பிறகு தன் பயணப் பெட்டியை எடுத்துக்கொண்டு நேராகப் பந்தலுக்கு வெளியே நடந்தாள். துக்க வீட்டார் யாரும் எழுந்துவந்து வழியனுப்பவில்லை. அது வழக்கம் இல்லை. வேனின் முன்கதவைத் திறந்து அவள் ஏறி உட்கார்ந்ததும் அவனும் ஏறினான்.

"எங்கேருந்து பின்னாலயே வர்றே?" என்றாள்.

"ஏர்போர்ட்ல இருந்து."

"எந்த எழுத்துல நின்னே?"

"கடைசித் தூண்."

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். "அந்த கேட்டுலயும் இருந்தியா?"

"இருந்தேன்."

"ரெண்டரை மணி நேரம். அங்க வெயில்ல நின்னப்ப, யாராவது நம்ம ஆளு ஒருத்தர் பக்கத்துல இருந்தா பரவால்லன்னு நெனச்சேன். நீ எதிர்ல இருந்திருக்கே. இருந்தும் எறங்கி வரலை."

"நீ பொய் சொன்னே லிகாயா. டிவின்னே. தூங்குறான்னே."

"சொன்னேன். என் பொய்யில ஒரு பொணம் இருந்துச்சு, ஒரு கொழந்தை இருந்துச்சு. நீ நெனச்சதுல என்ன இருந்துச்சு? ருவெலா?"

அவன் ஸ்டீயரிங்கையே பார்த்தான்.

"அவனுக்கு நான் டயப்பர் மாத்தற வயசு" என்றாள் லிகாயா. பிறகு குரல் தாழ்ந்தது. "ஒரேயடியா வர்றேன்னு சொன்னேன். சூப்பர்வைசர் ஒரு மாசம் டைம் குடுத்திருக்கா. மனசு மாறினா வான்னு. மாறாதுன்னு அவகிட்ட பெருமையா சொல்லிட்டு வந்தேன். இப்ப யோசிக்கிறேன் சாந்தோ. அங்க இருந்தா வருஷத்துக்கு ஒருதடவை, அந்த எட்டேமுக்கால் மணி நேரத்துக்கு மட்டும் உனக்குக் கணக்குச் சொன்னா போதும். இங்கயே இருந்தா? மார்க்கெட்டுக்கு எத்தனை நிமிஷம், கோயிலுக்கு எத்தனை நிமிஷம்னு அளப்பே."

பந்தலில் ஜெபம் தொடங்கியிருந்தது. மணி நாலு ஆகிக்கொண்டிருந்தது. கைபேசி அடித்தது. ரோவெனா.

"அப்பா, எங்க இருக்கீங்க? எல்லாரும் சாப்பாடு கட்டியாச்சு."

வேன் கெட்டுப்போச்சு என்று சொல்லிவிடலாம். நாக்கு நுனிவரை வந்தது. லிகாயா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க வர வேண்டாம்மா" என்றான். "அம்மா காலைலயே வந்துட்டா. தெல்மா அக்கா தவறிட்டாங்க. அவங்க வீட்ல இருக்கோம், சான் பாப்லோவுல. எங்கயாவது நின்னு, உதறிட்டு, துணி மாத்திட்டு ராத்திரி வர்றோம்."

"அப்பா, உண்மையச் சொல்லுங்க. அம்மா வரலையா?"

"வந்துட்டாம்மா."

"ராத்திரி வர்ற ப்ளேன்ல இருக்கிறவங்க காலைல எப்படி வருவாங்க? ப்ளேனுக்கு ஏதாவது ஆயிருச்சா? பின்னால ஏன் ஜெபம் கேக்குது? என் வயித்த நெனச்சு மறைக்கிறீங்களா?"

லிகாயா கைபேசியைப் பிடுங்கினாள். "நான்தான்டி. அம்மாதான். அழாத."

"எத்தனை மணிக்கு எறங்கினீங்க? எந்த ப்ளேன்?"

லிகாயா கைபேசியைக் காதிலிருந்து விலக்கி, சாந்தோவைப் பார்த்தாள். "உன் மகளேதான்" என்றாள். அதில் சிரிப்பு இருந்ததா என்று அவனால் கண்டுபிடிக்க முடியவில்லை.

அதிவேகச் சாலையில் ஏறுவதற்கு முன்னால் ஒரு சாப்பாட்டுக் கடையில் நிறுத்தினார்கள். லிகாயா பின்பக்கம் போய் முகம் கைகால் கழுவி, துணி மாற்றிக்கொண்டு வந்தாள். சூப்பு சொன்னார்கள். அவள் கரண்டியால் கலக்கிக்கொண்டே இருந்தாள்.

"என்னோட எத்தனை ப்ளேனை அளந்திருக்கே?"

"எல்லாத்தையும்" என்றான். "இருபத்திரண்டு."

"நானும் ஒண்ணு அளந்திருக்கேன்."

அவன் நிமிர்ந்தான்.

"காலைல என்னை ஏர்போர்ட்ல எறக்கி விடுவே. அங்கேருந்து வீட்டுக்கு ரெண்டு மணி நேரம். நான் ஒன்பதரை மணி நேரம் பறந்து, துபாய்ல எறங்கி, வீட்டுக்குப் போன் பண்ணுவேன். ரோவெனா எடுப்பா. அப்பா எங்கேன்னு கேப்பேன். இன்னும் வரலைம்பா. முத வருஷம் சவாரின்னு நெனச்சேன். ரெண்டாவது வருஷமும் வரலை. பதினொரு தடவையும் வரலை. எங்க போவே சாந்தோ?"

"என்னைக் கேக்கவே இல்லையே நீ."

"கேட்டா ஏதாவது சொல்லுவே. அதை மனசுல வெச்சுக்கிட்டு அங்க பதினொரு மாசம் போர்வை மடிக்க என்னால ஆகாது. அதான் கேக்கலை. இப்பக் கேக்கறேன்."

அவன் முகம் சிவந்தது. திருடன் பிடிபட்டதுபோல் இருந்தது அவனுக்கு.

"பார்க்கிங்ல இருப்பேன்."

"எந்த பார்க்கிங்?"

"ஏர்போர்ட் பார்க்கிங். நீ மேல இருக்கறப்ப எனக்கு வண்டி ஓட்ட வராது. நீ தரைல எறங்கற வரைக்கும் அங்கயே இருப்பேன். ஒன்பதரை ஆனதும் கெளம்புவேன்."

லிகாயா அவனைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். "இதை நான் நம்பணும்?"

"நெசம்."

"கறுப்புத் துணியோட காலைல நான் வெளிய வந்தேனே, அதுவும் நெசம்தான். நீ நம்புனியா? யார் பாத்தா உன்னை?"

"டெல்ஃபின்னு ஒரு காவலாளி."

"இன்னும் இருக்காரா?"

"போன வருஷம் இருந்தார்."

அவள் கரண்டியை வைத்தாள். "வண்டிய மணிலாவுக்குத் திருப்பு. நான் தனியாப் போய்க் கேக்கறேன். நீ கூட வராத. கண்ணைக் காட்டுவே."

வந்த வழியே மறுபடியும் வடக்கே. டெல்ஃபின் வேலையை விட்டுப் போயிருந்தால்? ஊருக்குப் போயிருந்தால்? வேறு ஷிப்டில் இருந்தால்? எத்தனையோ பேரை இத்தனை வருடமாகச் சந்தேகப்பட்டவனுக்கு, தன்னைத் தானே நிரூபிக்க ஓர் ஆள்தான் இருக்கிறார் என்பது சாலை விளக்குகள் எரியத் தொடங்கிய அந்த நேரத்தில்தான் உறைத்தது. அந்த ஆளின் குடும்பப் பெயர்கூட அவனுக்குத் தெரியாது.

விமான நிலைய வாகன நிறுத்தத்தில் நுழைந்தபோது மணி ஏழு. சீட்டு கொடுக்கும் கூண்டுக்குப் பக்கத்தில் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டு டெல்ஃபின் உட்கார்ந்திருந்தார். சாந்தோ மூச்சு விட்டான்.

லிகாயா இறங்கிப் போனாள். கண்ணாடி வழியே அவன் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் ஏதோ கேட்டாள். டெல்ஃபின் புருவத்தைச் சுருக்கினார். தலையை ஆட்டினார், இல்லை என்பதுபோலத்தான் இருந்தது. லிகாயா வேனைச் சுட்டிக்காட்டினாள். டெல்ஃபின் எழுந்து, கண்ணுக்கு மேல் கைவைத்துப் பார்த்தார். அப்புறம் பேச ஆரம்பித்தவர் நிறுத்தவேயில்லை. தூரத்தில் ஒரு கம்பத்தைக் காட்டினார். கன்னத்தில் கைவைத்துச் சாய்ந்து தூங்குவதுபோல் செய்தார். மணிக்கட்டைத் தட்டித் தட்டிக் காட்டினார். வானத்தைக் காட்டினார். லிகாயா முதுகைக் காட்டி நின்றதால் அவள் முகம் தெரியவில்லை. ஒரு விமானம் தாழப் பறந்து இறங்கியது. இருவரும் அது போகும்வரை பேச்சை நிறுத்திக் காத்திருந்தார்கள்.

அவள் மெதுவாகத் திரும்பி வந்தாள். ஏறினாள். கதவை இரண்டு முறை சாத்தினாள், முதல் முறை சரியாக விழாததால்.

"அந்த ஒன்பதரை மணி நேரமும் என்ன சாப்பிடுவே?"

"வேகவெச்ச கடலை. இங்க ஒருத்தி விப்பா."

"எத்தனை பொட்டலம்?"

"ரெண்டு."

"மூணுங்கறார் அவர்."

"ஒருதடவை மூணு வாங்கினேன். அன்னைக்கு ப்ளேன் லேட்டு."

லிகாயா அவனைப் பார்த்தாள். பிறகு காலடியில் கிடந்த தன் கைப்பையை எடுத்து, இரண்டு இருக்கைகளுக்கும் நடுவில் வைத்தாள்.

"வண்டிய எடு" என்றாள். "ரோவெனா வாசல்லயே உக்காந்திருப்பா. எத்தனை மணிக்குக் கெளம்பினோம்னு கேப்பா. சரியா சொல்லணும்."